மேஜர் டெய்லர்

டெய்லர், மார்ஷல் வால்டர் (26 நவம்பர் 1878 – 21 ஜூன் 1932): அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர், ‘மேஜர்’ டெய்லர் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டவர். 1899-இல் மாண்ட்ரியாலில் ஒரு மைல் விரைவோட்டத்தில் உலகப் பட்டம் வென்றார். சைக்கிள் பந்தயத்தில் அப்பெருமையைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கர் அவரே. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, உலகப் பட்டம் வென்ற கறுப்பினத்தவர் வரிசையில் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சனுக்கு அடுத்து அவரை வைத்து எண்ணுவது வழக்கம். 1896 முதல் 1910 வரை தொழில்முறை வீரராக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் போட்டியிட்டார். ஓடுவதற்கு இடம் கொடுத்த ஊர்களில் எல்லாம் வெற்றிகளைக் குவித்தார்; இடம் கொடுக்க மறுத்த ஊர்களும் பல. இவை இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் வரலாறு முழுமையாகும்.

அக்காலத்து டிராக் பந்தயம்

காற்றடைத்த டயரும், இரு சக்கரமும் ஒரே அளவான சைக்கிளும் பரவிய 1890-களில், மனிதன் தன் சொந்த வலிமையால் எட்டக்கூடிய மிக உயர்ந்த வேகத்தைக் காட்டும் இடமாக சைக்கிள் பந்தயத் தளங்கள் இருந்தன. மோட்டார் கார் இன்னும் சாலையைப் பிடிக்கவில்லை. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் பெரிய பந்தயங்களைக் காண ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். முன்னணி வீரர்களுக்கு நல்ல வருமானமும் இருந்தது.

டிராக் பந்தயத்துக்கான சைக்கிளில் பிரேக் கிடையாது, ப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓய்வாக வைத்து உருள முடியாது. விரைவோட்டத்தில் மொத்தத் தொலைவையும் முழு மூச்சாக ஓட்டுவதில்லை. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டி வருபவருக்கு உழைப்பு கணிசமாக மிச்சமாகும். அதனால் தொடக்கச் சுற்றுகளில் யாரும் முன்னால் போக விரும்பமாட்டார்கள். ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி மெதுவாக உருட்டுவார்கள். கடைசி இருநூறு மீட்டரில்தான் பாய்ச்சல். எப்போது பாய்வது, எந்தப் பக்கம் விலகுவது என்ற கணக்குதான் வெற்றியைத் தீர்மானிக்கும்.

பலர் சேர்ந்து ஓடும் பந்தயத்தில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. முன்னால் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர், பின்னால் ஒருவர் என மூவர் பேசிவைத்துக்கொண்டால் நான்காமவரை உள்ளே அடைத்துவிடலாம். அவருக்கு எத்தனை வேகம் இருந்தாலும் வெளியேற இடம் இருக்காது. டெய்லரின் பந்தய வாழ்க்கையில் இந்த அடைப்பு தினப்படி நிகழ்ச்சியாக இருந்தது.

இளமை

இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபொலிஸ் நகரில், கில்பர்ட்-சஃப்ரோனியா தம்பதியின் மகனாகப் பிறந்தார். தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்றவர். சதர்ட் என்ற செல்வந்தக் குடும்பத்தில் குதிரை வண்டியோட்டியாக வேலை பார்த்தார். அந்த வீட்டுப் பிள்ளை டேனியலும் டெய்லரும் ஏறத்தாழ ஒரே வயதினர். விளையாட்டுத் தோழனாக அவ்வீட்டில் வளர்ந்த டெய்லருக்கு முதல் சைக்கிளும் அங்கேதான் கிடைத்தது. மற்ற பிள்ளைகளோடு ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்றபோது, கறுப்பினச் சிறுவன் என்பதால் அவரை மட்டும் உள்ளே விடவில்லை. மாடத்தில் நின்று நண்பர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. தமக்கு விழுந்த முதல் அடியாக இதைப் பின்னாளில் தன்வரலாற்றில் பதிந்திருக்கிறார்.

சதர்ட் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தபின், ‘ஹே அண்ட் வில்லிட்ஸ்’ என்ற சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடையைப் பெருக்கித் துடைப்பதோடு, மாலை வேளைகளில் வாசலில் சைக்கிள் வித்தைகள் காட்டிக் கூட்டம் சேர்ப்பதும் அவர் வேலை. அப்போது அணிந்த ராணுவச் சாயல் சீருடைதான் ‘மேஜர்’ என்ற பட்டப்பெயரைத் தந்தது. கடைக்காரர் ஒரு வேடிக்கையாக அவரை 10 மைல் சாலைப் பந்தயத்தில் நிறுத்தினார். பதின்ம வயதை அப்போதுதான் எட்டியிருந்த சிறுவன் பெரியவர்களை முந்தி வந்தான்.

மங்கரும் வூஸ்டரும்

முன்னாள் பந்தய வீரரும் சைக்கிள் உற்பத்தியாளருமான லூயிஸ் ‘பேர்டி’ மங்கர் என்ற வெள்ளையர் டெய்லரின் திறனை இனங்கண்டார். பணியாளாக வைத்துக்கொண்டு பயிற்சியும் தந்தார். 1895-இல் மங்கர் தம் தொழிலை மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்கு மாற்றியபோது டெய்லரும் உடன் சென்றார். அந்நகரின் ஒய்.எம்.சி.ஏ. அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஜார்ஜ் தெரு என்ற செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிளை மிதித்து ஏறுவது அங்கே அவருடைய பயிற்சியாயிற்று. ‘வூஸ்டர் சூறாவளி’ என்று பத்திரிகைகள் அவரைக் குறிப்பிடத் தொடங்கின.

1896 ஆகஸ்டில் பிறந்த ஊருக்கு ஒருமுறை திரும்பினார். கேபிடல் சிட்டி தளத்தில் வெள்ளை வீரர்களின் பந்தயம் முடிந்தபின், தனியே ஒரு மைல் தூரத்தை ஓட்டிக் காட்டினார். அன்று அத்தளத்தில் ஏற்பட்டிருந்த சிறந்த நேரத்தை 8 நொடிக்கு மேல் குறைத்தார். அந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. மாறாக, அத்தளத்தில் அவர் இனி ஓடக்கூடாது என்ற தடைதான் வந்தது.

தொழில்முறை வீரராக

1896 டிசம்பரில், 18 வயதில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் தொழில்முறைப் பந்தயத்தில் கால் வைத்தார். முதல் நாள் அரை மைல் பந்தயத்தில் வென்றார். அடுத்து ஆறு நாள் தொடர் பந்தயம். உள்ளரங்கத் தளத்தில் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யார் அதிகத் தொலைவு கடக்கிறாரோ அவருக்கு வெற்றி. குறுந்தொலைவு வீரரான டெய்லர் 1,732 மைல் (சுமார் 2,787 கி.மீ.) ஓட்டி எட்டாம் இடம் பெற்றார். இறுதி நாள்களில் தூக்கமின்மையால் பிரமை பிடித்து, கத்தியுடன் ஒருவன் துரத்துவதாகச் சொல்லியிருக்கிறார். இனி இவ்வகைப் பந்தயத்தை விட்டு விரைவோட்டத்திலேயே கவனம் செலுத்துவது என்ற முடிவுக்கு வந்தார்.

அமெரிக்க சைக்கிள் ஓட்டிகளின் தேசிய அமைப்பான ‘லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்’ 1894-இலேயே கறுப்பினத்தவருக்கு உறுப்புரிமை இல்லையெனத் தீர்மானம் போட்டிருந்தது. போட்டியிடும் உரிமம் மட்டும் டெய்லரிடம் இருந்தது. 1897 செப்டம்பரில் மாசசூசெட்ஸின் டாண்டன் நகரில் ஒரு பந்தயம் முடிந்த கையோடு, தோற்ற வீரர் டபிள்யூ. ஈ. பெக்கர் அவரைக் கீழே இழுத்துத் தள்ளிக் கழுத்தை நெரித்தார். டெய்லர் நினைவிழந்து கிடந்தார். பெக்கருக்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதம். 1898 தொடக்கத்தில் பயிற்சிக்காக ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவுக்குச் சென்றவருக்கு, 48 மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லி மிரட்டல் கடிதம் வந்தது. அதே ஆண்டு மிசௌரியில் ஏற்பாடு செய்த விடுதி அவருக்கு அறை தர மறுத்தது. பந்தயமும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. தாயிடமிருந்து பெற்ற பாப்டிஸ்ட் சமயப் பற்றினால் ஞாயிறன்று சைக்கிளைத் தொடுவதில்லை என்பது அவர் விரதம். பந்தயத்தை விட்டு ஊர் திரும்பினார்.

கூட்டுச் சேர்ந்து அடைத்தவர்களுக்கு டெய்லர் கண்ட விடை இதுதான்: கடைசி வரை பின்னாலேயே தங்கி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்ததும் அதன் வழியே பாய்ந்து, பிறர் திரும்புமுன் கோட்டைத் தாண்டிவிடுவது. இதற்குத் துணையாக, ஹேண்டில்பாரை முன்னோக்கித் தள்ளிவைக்கும் தண்டு ஒன்றைப் பயன்படுத்தினார். அதில் உடல் நீண்டு, முதுகு தரைக்கு இணையாகப் படிந்துவிடும்; காற்றின் தடை குறையும். அந்தத் தண்டு பின்னர் அவர் பெயராலேயே வழங்கியது.

உலகப் பட்டம்

1899 ஆகஸ்ட் 10 அன்று மாண்ட்ரியால் குயின்ஸ் பார்க் தளத்தில் உலகப் போட்டி நடைபெற்றது. ஒரு மைல் தொழில்முறை விரைவோட்டத்தின் இறுதியில் பிரான்ஸின் கூர்ப் தூத்ரலோனும் அமெரிக்கர் டாம் பட்லரும் சில அடி இடைவெளியில் பின்தங்க, டெய்லர் முதலில் வந்தார். அப்போது அவருக்கு வயது 20. 1898-99 காலத்தில் கால் மைல் முதல் இரண்டு மைல் வரை பல தொலைவுகளில் உலகச் சாதனைகளும் அவர் கையில் இருந்தன. 1900-இல் அமெரிக்க விரைவோட்டப் பட்டத்தையும் வென்றார்.

அந்த ஆண்டு வூஸ்டரில் ஹோப்சன் அவென்யூவில் ஒரு வீடு வாங்கினார். வாங்குபவர் யாரென்று தெரிந்ததும் அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் கூடுதல் விலை தந்து அவரை அகற்றப் பார்த்தனர். அவர் விற்கவில்லை, பல ஆண்டுகள் அவ்வீட்டிலேயே வாழ்ந்தார்.

ஐரோப்பாவில்: ஜாக்லனுடன் இரு மோதல்கள்

ஐரோப்பியப் பந்தய அமைப்பாளர்கள் முன்பே அழைத்திருந்தும், பெரிய பந்தயங்கள் ஞாயிறன்றே நடந்ததால் டெய்லர் இணங்கவில்லை. 1901-இல் அந்நாளில் ஓட வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்த பிறகே கப்பலேறினார். ஜெர்மனியின் வில்லி அரெண்ட், டென்மார்க்கின் தோர்வால்ட் எலெகார்ட் உட்பட அக்காலத்துப் பெரும் வீரர்களை அவரவர் மண்ணில் எதிர்கொண்டார். பெரும்பாலான பந்தயங்களில் வென்றார்.

பாரிஸ் காத்திருந்தது எட்மோன் ஜாக்லனுடனான போட்டிக்கு. ஜாக்லன் 1900-ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன். பிரெஞ்சு ரசிகர்களின் செல்லப்பிள்ளை. முதல் மோதல் மே 16, வியாழக்கிழமை, பார்க் தே பிரின்ஸ் தளத்தில் நடந்தது. அன்று கிறிஸ்துவின் விண்ணேற்றத் திருநாள். ஞாயிறு அல்லாத பொது விடுமுறை. குளிரான நாள். குளிரில் டெய்லரின் தசைகள் இளகுவதில்லை. இரண்டு ஓட்டங்களிலும் ஜாக்லனே வென்றார். கோட்டைத் தாண்டியதும் கட்டைவிரலை மூக்கில் வைத்துப் பழிப்புக் காட்டினார் என்று டெய்லர் எழுதியிருக்கிறார்.

மறுமோதல் மே 27, திங்கள்கிழமை. அதுவும் விடுமுறை நாள். முதல் ஓட்டத்தில் டெய்லர் வென்றார். இரண்டாவதற்குப் புறப்படுமுன், தொடக்கக் கோட்டில் சைக்கிள் மேல் அமர்ந்தபடியே ஜாக்லனை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கைகுலுக்கலில் மரியாதை இருந்தது. ‘இந்த ஓட்டமே கடைசி’ என்ற அறிவிப்பும் இருந்தது. சொன்னபடியே முடித்தார். வென்றபின் இடுப்பிலிருந்து ஒரு சிறிய அமெரிக்கப் பட்டுக்கொடியை உருவி அசைத்துக்கொண்டே தளத்தைச் சுற்றினார். தாயகத்தில் அறை தர மறுத்த விடுதிகளை அறிந்த ஒருவர் அந்நாட்டுக் கொடியையே வெற்றியின்போது உயர்த்தினார். தம் நாட்டின் மீது தமக்குள்ள உரிமையை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில்

1902 மார்ச்சில் டெய்சி விக்டோரியா மோரிஸை மணந்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் பயணம். வெள்ளையரல்லாதார் குடியேறுவதைச் சட்டத்தால் தடுத்துவைத்திருந்த நாடு அது. ஆனாலும் சிட்னியிலும் மெல்போர்னிலும் ரசிகர்கள் அவரை ஆரவாரமாக வரவேற்றனர். 1903-04-இல் இரண்டாம் பயணம் சென்றபோது, அமெரிக்காவில் அவரை அடைத்த எதிராளிகளான ஃப்ளாய்ட் மக்ஃபார்லாண்டும் ஐவர் லாசனும் அங்கும் வந்து சேர்ந்தனர். மெல்போர்ன் பந்தயம் ஒன்றில் லாசன் குறுக்கே வெட்ட, டெய்லர் தூக்கி எறியப்பட்டுப் பலத்த காயமடைந்தார். விசாரணைக்குப் பின் லாசன் இடைநீக்கம் செய்யப்பட்டார். 1904 மே மாதம் சிட்னியில் டெய்லர் தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரின் நினைவாக ரீட்டா சிட்னி என்று பெயரிட்டனர்.

ஓய்வும் இறுதியும்

ஓயாத பயணமும் எதிர்ப்பும் உடலையும் மனத்தையும் வாட்டியிருந்தன. சுமார் மூன்றாண்டு ஒதுங்கியிருந்து, 1907-இல் ஐரோப்பாவில் மீண்டும் களமிறங்கினார். பழைய வேகம் சில நாள்களில் திரும்பியது, தொடர்ந்து நிற்கவில்லை. 1910-இல், 32 வயதை ஒட்டி, ஓய்வு பெற்றார்.

சேர்த்த செல்வம் தொழில் முயற்சிகளிலும் நோயிலும் கரைந்தது. வீடும் கைவிட்டுப் போயிற்று. தன்வரலாற்றை எழுதி 1928-இல் சொந்தச் செலவில் வெளியிட்டு, பிரதிகளைக் கையில் சுமந்து வீடு வீடாகச் சென்று விற்றார். மனைவியைப் பிரிந்து, சிகாகோவில் தனியே வசித்தார். 1932 ஜூன் 21 அன்று குக் கவுண்டி பொது மருத்துவமனையில் 53 வயதில் காலமானார். உடலைக் கேட்டு யாரும் வராததால் மவுண்ட் கிளென்வுட் கல்லறைத் தோட்டத்தில் ஏழைகளுக்கான பகுதியில், பெயர்ப்பலகை கூட இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவும் மரபும்

1948-இல் முன்னாள் பந்தய வீரர்கள் சிலர் கூடி, சைக்கிள் நிறுவன உரிமையாளர் ஃபிராங்க் ஷ்வின் தந்த பொருளுதவியுடன், உடலைத் தோண்டியெடுத்து அதே தோட்டத்தின் நல்லதோர் இடத்தில் வெண்கலப் பட்டயத்துடன் மறுஅடக்கம் செய்தனர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நெல்சன் வெய்ல்ஸ் விரைவோட்ட வெள்ளியை வென்று, சைக்கிள் பந்தயத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கர் ஆனார். 1989-இல் அமெரிக்க சைக்கிள் புகழ் மன்றத்தில் டெய்லர் பெயர் சேர்ந்தது. 1894-இன் நிறத்தடையை லீக் அமைப்பு 1999-இல் முறைப்படி நீக்கியது. 2008-இல் வூஸ்டர் பொது நூலகத்தின் வெளியே நினைவுச்சின்னம் எழுந்தது. ஜார்ஜ் தெரு ஏற்றத்தில் இன்று அவர் நினைவாக சைக்கிள் ஓட்டிகள் நேரம் பார்த்து ஏறுகின்றனர்.

1982-இல் இண்டியானாபொலிஸ் நகரம் 333 மீட்டர் சுற்றளவில், 28 பாகைச் சரிவுள்ள வளைவுகளுடன் ஒரு சைக்கிள் பந்தயத் தளத்தைக் கட்டித் திறந்தது. பதினேழு வயதில் அவரைத் தடைசெய்து அனுப்பிய அதே ஊர்தான் இது. அத்தளத்தின் பெயர் மேஜர் டெய்லர் வெலோட்ரோம்.