பகிரப்பட்ட கணக்கு: உயிரியல் மாதிரிகளின் பொதுக் களஞ்சியங்கள் உருவான வரலாறு

ஓர் ஆய்வு அச்சேறிவிட்டால் அது உலகின் பொதுச் சொத்தாகிவிடுகிறது என்பது அறிவுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. கண்டறிந்தவர் மறைந்தாலும் கண்டது மறையாது. நூலகத்தில் இதழ் இருக்கும்வரை பிறர் அதை எடுத்துப் படிக்கலாம், ஐயுறலாம், அதன்மேல் புதிதாகக் கட்டலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயிரியல் ஆய்வுக்குள் கணினி நுழைந்தபோது இந்நம்பிக்கையில் விரிசல் விழுந்தது. கட்டுரை நூலகத்துக்கு வந்தது. ஆனால் அக்கட்டுரைக்கு உயிரான கணக்கு, அதை எழுதியவரின் கணினியிலேயே தங்கிவிட்டது. அவ்விரிசலை அடைக்க எழுந்தவையே கணினி மாதிரிகளின் பொதுக் களஞ்சியங்கள். முப்பதாண்டு வயதுடைய அம்முயற்சியின் வரலாறு, அறிவைப் பொதுவாக்குதல் என்பது எத்துணை உழைப்பைக் கோரும் செயல் என்பதை நமக்கு உணர்த்துகிறது.

மூன்று வாரக் கணக்கு

உயிரியலில் மாதிரி என்று இங்குக் குறிக்கப்படுவது களிமண்ணாலோ மெழுகாலோ செய்த உருவமன்று. உயிரணுவினுள் ஒரு பொருள் எவ்வேகத்தில் உண்டாகிறது, எவ்வேகத்தில் அழிகிறது, எது எதைத் தூண்டுகிறது, எது எதைத் தடுக்கிறது என்பனவற்றைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றுக்குரிய வேகங்களையும் தொடக்க அளவுகளையும் எண்களாக இட்டு, நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக நகர்த்திக் கணக்கிட்டால், அவ்வுயிரணு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது வரைபடமாக வெளிப்படும். சமன்பாடும் எண்ணும் சேர்ந்த இத்தொகுப்பே மாதிரி.

இத்துறையின் முன்னோடி மாதிரிகளுள் தலையாயது 1952-இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பிழையில் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் ஓட்டத்தை அளந்து, நரம்பின் மின்துடிப்பு எழும் விதத்தை ஒன்றோடொன்று பின்னிய நான்கு சமன்பாடுகளில் அடக்கினர். பல்கலைக்கழகக் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாமையால், பிரன்ஸ்விகா என்னும் கைச்சுழற்றுக் கணக்குப் பொறியைக் கொண்டே ஹக்ஸ்லி கணக்கிட்டார். நரம்பிழை நெடுகப் பரவும் ஒரேயொரு துடிப்பைக் கணக்கிட்டு முடிக்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின.

1963-இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர் என்பது பலரும் அறிந்ததே. நம் பொருளுக்கு அதனினும் முக்கியமானது, சமன்பாடுகளும் எண்களும் யாவும் அக்கட்டுரையிலேயே அச்சாகியிருந்தன என்பது. அதனாலேயே லண்டனில் டெனிஸ் நோபிள் என்னும் இளம் ஆய்வாளர் அவற்றை எடுத்து இதயத் தசையிழைக்கு ஏற்ப மாற்றி, ஃபெராண்டி மெர்குரி கணினியில் இயக்கி, 1960-இல் இதயத்துடிப்பின் முதல் கணினி மாதிரிகளுள் ஒன்றை 'நேச்சர்' இதழில் வெளியிட முடிந்தது. அச்சிட்ட தாளே களஞ்சியமாக விளங்கிய காலம் அது.

தாள் போதாமற்போன காலம்

அந்நிலை நீடிக்கவில்லை. நான்காக இருந்த சமன்பாடுகள் அடுத்த தலைமுறைகளில் பத்தாகவும் நூறாகவும் பெருகின. அத்தனையையும் இதழின் பக்கங்களில் பிழையின்றி அச்சிடுவது அரிதாயிற்று. ஒரு கழித்தல் குறி விடுபட்டாலும், நொடி என்று இருக்க வேண்டிய இடத்தில் மில்லிநொடி வந்தாலும், ஒரு புரதத்தின் தொடக்கச் செறிவு அட்டவணையில் இடம்பெறாமற்போனாலும் கட்டுரையில் காணும் வரைபடம் பிறர் கையில் வராது. படிப்பவருக்கோ தவறு தம்முடையதா, அச்சினுடையதா, ஆசிரியருடையதா என்று அறிய வழியில்லை.

பிழையே இல்லாத கட்டுரையும் படிப்பவரைத் தடுமாறச் செய்யலாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் சவ்வின் மின்னழுத்தத்தை ஓய்வுநிலையிலிருந்து அளந்தனர். அதன் குறியையும் இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிராகக் கொண்டனர். இதை அறியாது அச்சமன்பாடுகளை இன்றைய வழக்கப்படி கணினியில் இடுபவருக்குத் துடிப்பு எழாது. கட்டுரை சரி, கணினி சரி, படித்தவரும் கவனமானவர். எனினும் விடை தவறு. இவ்விடைவெளியை நிரப்ப வேறொரு நிறுவனம் தேவைப்பட்டது.

இதே காலத்தில் உயிரியலின் பிற கிளைகளில் பொதுக் காப்பகங்கள் வேரூன்றிவிட்டன. புரதங்களின் முப்பரிமாண அமைப்பைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏழே அமைப்புகளுடன் தொடங்கியது. மரபணு வரிசைகளுக்கான ஜென்பேங்க் 1982-இல் எழுந்தது. தரவைக் காப்பகத்தில் சேர்த்த பின்னரே கட்டுரையை ஏற்பது என்ற வழக்கமும் இதழ்களிடையே மெல்ல நிலைபெற்றது. ஆனால் மரபணு வரிசை என்பது எழுத்துகளின் கோவை. அதை அப்படியே படியெடுத்து வைக்கலாம். மாதிரியோ இயக்கப்பட வேண்டிய ஒன்று. ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென ஒரு மென்பொருளையும் எழுத்துமுறையையும் வைத்திருந்தமையால், ஓரிடத்து மாதிரி மற்றோரிடத்தில் ஊமையாயிற்று.

பொது மொழியைத் தேடி

இத்தடையை இரு வழிகளில் கடக்க முயன்றனர். முதல் வழி, ஆசிரியர் எழுதிய நிரலை எழுதியவாறே காப்பது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கார்டன் ஷெப்பர்டு முன்னின்ற குழு 1996-இல் தொடங்கிய மாடல்டிபி இவ்வழியைத் தேர்ந்தது. நரம்பணு மாதிரிகளின் மூல நிரலை, அது எக்கட்டுரைக்குரியதோ அதனோடு இணைத்து எவரும் எடுத்துக்கொள்ளுமாறு அது வைத்தது. ஆசிரியரின் கைவண்ணம் சிதையாமல் நிற்பது இதன் நன்மை. அந்நிரலை இயக்கும் மென்பொருள் வழக்கொழிந்தால் மாதிரியும் இயங்காதுபோகும் என்பது இதன் இடர்.

இரண்டாம் வழி, எல்லா மென்பொருளும் படிக்கத்தக்க பொது மொழி ஒன்றை வகுப்பது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் வெவ்வேறு மென்பொருள்களை உருவாக்கியோர் ஒன்றுகூடினர். ஜப்பானிய அறிஞர் ஹிரோவாக்கி கிடானோவின் ஆய்வுத்திட்டம் அதற்குத் துணைநின்றது. மைக்கேல் ஹக்கா, ஆண்ட்ரூ ஃபின்னி, ஹெர்பர்ட் சௌரோ, ஹமீத் போலூரி, ஜான் டாயில் முதலியோரின் உழைப்பால் எஸ்பிஎம்எல் என்னும் குறிமொழியின் முதல் படி 2001-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பீட்டர் ஹண்டர் குழுவினரின் முயற்சியில் செல்எம்எல் என்னும் மற்றொரு மொழியும் வரையறை பெற்றது. முன்னது வேதிவினைகளை மையமாகக் கொண்டது. பின்னது சமன்பாடுகளையே மையமாகக் கொண்டது. போட்டியாளர்களாக இருந்த மென்பொருளாளர்கள் ஒரே மொழியை ஏற்க இசைந்ததே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

களஞ்சியங்கள் பல திசைகளில் எழுந்தன. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ஸ்னூப்பும் பிரெட் ஒலிவியரும் ஜேடபிள்யூஎஸ் ஆன்லைன் என்னும் தளத்தை அமைத்தனர். மாதிரியை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. இணையத்திலேயே இயக்கிப் பார்க்கலாம். கட்டுரை அச்சேறுமுன்பே அதன் மாதிரியைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாட்டைச் சில இதழ்களுடன் சேர்ந்து இவர்கள் நடைமுறைப்படுத்தியது பெரிய முன்னேற்றம். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபீந்தர் பல்லாவின் குழு, உயிரணுவினுள் செய்தி கடத்தப்படும் வேதிப்பாதைகளின் அளவுருக்களைத் திரட்டிய ஒரு தரவுத்தளத்தை 2003-இல் உலகுக்கு அறிவித்தது. இவ்வியக்கம் மேலைநாடுகளோடு நின்றுவிடவில்லை என்பது இவற்றால் தெளிவாகும்.

2005-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜை அடுத்த ஹிங்ஸ்டனில், ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தில் நிக்கோலா லெ நொவேர் தலைமையில் பயோமாடல்ஸ் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அதில் இருந்த மாதிரிகள் சொற்பமே. பின்னாளில் கைப்படச் சரிபார்க்கப்பட்டவை மட்டுமே ஆயிரத்தைக் கடந்தன. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரின் 1952-ஆம் ஆண்டு மாதிரியும் அங்கு 20-ஆம் எண்ணில் பதிவாகியுள்ளது. மூன்று வாரம் கையால் சுழற்றிய கணக்கு இன்று நொடிப்பொழுதில் எவர் முன்னும் ஓடும்.

சரிபார்ப்போரின் உழைப்பு

களஞ்சியம் என்றவுடன் பொருளைக் கொட்டிவைக்கும் கிடங்கே நம் நினைவுக்கு வருகிறது. பயோமாடல்ஸின் பெருமை கொட்டிவைத்ததில் இல்லை; சலித்து வைத்ததில் உள்ளது. 2005-இன் இறுதியில் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் மிரியம் என்ற பெயரில் சில விதிகள் வெளியாயின. மாதிரி பொது மொழி ஒன்றில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தக் கட்டுரைக்குரியது என்பது தெளிவாக இருக்க வேண்டும். உருவாக்கியவர் பெயரும் காலமும் குறிக்கப்பட வேண்டும். இயக்கினால் கட்டுரையில் காணும் விளைவையே தர வேண்டும். அதன் ஒவ்வோர் உறுப்பும் இன்னதென்று ஐயமற அடையாளம் காட்டப்பட வேண்டும்.

இறுதி விதியின் அருமை எளிதில் புலப்படாது. ஒருவர் கால்சியத்தை ஓர் எழுத்தாலும், மற்றொருவர் வேறொரு குறியாலும், இன்னொருவர் வெறும் வரிசை எண்ணாலும் குறிப்பர். எழுதியவருக்கு அது பொருள்படும். பத்தாண்டு கழித்து எடுப்பவருக்குப் புதிர். சரிபார்ப்பவர் கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு குறியும் எப்புரதத்தை, எவ்வேதிப்பொருளைச் சுட்டுகிறது என்று கண்டு, அதற்குரிய பொதுத் தரவுத்தளப் பதிவோடு இணைக்கிறார். பின்னர் மாதிரியை இயக்கி, கட்டுரையின் படத்தோடு ஒப்பிடுகிறார். பொருந்தாவிடில் காரணத்தைத் தேடுகிறார், ஆசிரியருக்கு எழுதுகிறார். இத்தனைக்கும் பிறகு கட்டுரையின் முகப்பில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை.

இவ்வுழைப்பு வீணன்று என்பதற்கு 2021-இல் வெளியான ஓர் ஆய்வு சான்றாகும். திவாரி, மாலிக்-ஷெரிஃப் முதலியோர் அறிவியல் இதழ்களில் வெளியான 455 மாதிரிகளை எடுத்து, கட்டுரையில் தரப்பட்ட செய்திகளைக் கொண்டு மீண்டும் இயக்கிப் பார்த்தனர். ஏறத்தாழப் பாதி, அதாவது 49 விழுக்காடு, கட்டுரையில் கண்ட விளைவைத் தரவில்லை. பிழையை ஊகித்துத் திருத்தியும் ஆசிரியர்களை அணுகியும் மேலும் 12 விழுக்காட்டை மீட்டனர். எஞ்சிய 37 விழுக்காடு மீளவே இல்லை. விடுபட்ட அளவுருக்களும், விடுபட்ட தொடக்கச் செறிவுகளும், சமன்பாடுகளின் முரண்பாடுகளுமே காரணங்கள். இவை மோசடிகள் அல்ல, கவனக்குறைவுகள். எனினும், சக அறிஞர்களின் மதிப்பீட்டைக் கடந்து அச்சேறியவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிறரால் பயன்கொள்ள இயலாதவை என்றால், அச்சேறியது யாவும் பொதுச் சொத்து என்ற பழைய நம்பிக்கை எங்ஙனம் நிற்கும்?

கணக்கின் பின்னுள்ள உயிர்கள்

இஃது அறிஞர்களுக்குள் நிகழும் வழக்கு மட்டுமன்று. டெர்ஃபெனடின் என்னும் ஒவ்வாமை மருந்து சிலருக்கு இதயத்துடிப்பை உயிருக்கு ஆபத்தான அளவில் சீர்குலைத்தது. 1998-இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இத்தகைய இடரை முன்கூட்டியே அறிய, நோபிள் தொடங்கிவைத்த மரபில் வந்த இதய மாதிரிகள் இன்று துணைபுரிகின்றன. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பங்கேற்புடன் தொடங்கிய சிபா என்னும் முயற்சி, 2011-இல் வெளியான ஓஹாரா-ரூடி மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. ஒரு மருந்து பாதுகாப்பானதா என்ற வினாவில் மாதிரி சாட்சி சொல்லுமாயின், அச்சாட்சியை எவரும் குறுக்கு விசாரணை செய்ய இடமிருக்க வேண்டும்.

2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட கொரோனா அறிக்கை, பிரிட்டன் அரசின் கொள்கை மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தது. அதற்கு ஆதாரமான கணினி நிரல் பல்லாண்டுகளுக்கு முன் இன்ஃபுளுயன்சாவுக்கென எழுதப்பட்டது. அறிக்கை வந்தபோது பொதுப்பார்வைக்கு வரவில்லை. கண்டனங்கள் எழுந்தன. சில வாரங்களுக்குப் பின், சீரமைக்கப்பட்ட வடிவம் வெளியிடப்பட்டது. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லன் அதை இயக்கி, அறிக்கையின் முதன்மையான முடிவுகள் மீண்டும் கிடைப்பதை உறுதிசெய்தார். கணக்கு சரியாகவே இருந்தது. ஆயினும் கோடிக்கணக்கானோர் வீடடங்கிய நாள்களில் அதைச் சரியென்று பிறர் கூற வழியின்றிப்போனதே குறை. விடை சரியாக இருப்பது ஒன்று. சரியென்று பிறரால் காண முடிவது மற்றொன்று. களஞ்சியம் இரண்டாவதற்காகவே இருக்கிறது.

எஞ்சியிருக்கும் பணி

களஞ்சியங்கள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டன என்று கூறுவதற்கில்லை. 2012-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்னும் 525 மரபணுக்களே உடைய நுண்ணுயிரின் முழு உயிரணு மாதிரியை வெளியிட்டனர். வெவ்வேறு கணித முறைகளில் அமைந்த 28 உட்பகுதிகளைக் கொண்ட அம்மாதிரியைப் பொது மொழிக்கு மாற்ற 2015-இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் கூடியோர் முயன்றபோது, இருந்த மொழிகளின் போதாமையே வெளிப்பட்டது. ஆய்வின் வேகத்துக்கு மொழி எப்போதும் பின்தங்கியே வருகிறது. நிதியும் ஓர் இடையறாத கவலை. புதிதாக ஒன்றைக் கண்டறிவோருக்கு மானியம் தருவோர், கண்டறிந்ததைக் காப்போருக்குத் தரத் தயங்குவர்.

பயோமாடல்ஸிலுள்ள மாதிரிகளை எவரும் உரிமக் கட்டுப்பாடின்றி எடுத்தாளலாம். ஆய்வுக்கூடம் அமைக்கப் பொருள்வசதியற்ற ஒரு கல்லூரியின் மாணவரும், ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், உலகின் முதன்மையான ஆய்வகங்களின் கணக்குகளைத் தம் முன் ஓடச்செய்து, எண்களை மாற்றி, விளைவு எவ்வாறு மாறுகிறதெனக் காணலாம். பிழை கண்டால் சுட்டலாம். அவருக்கு அவ்வுரிமையைத் தந்தது திறந்துவைத்த வாயில் மட்டுமன்று. வாயிலுக்குப் பின்னால் பெயர் தெரியாமல் அமர்ந்து, ஒவ்வொரு குறியாகப் படித்து, ஒவ்வொரு படமாக ஒப்பிட்டவர்களின் பொறுமையுமே அவ்வுரிமையை அவருக்குப் பயனுள்ளதாக்கியது.