ஒலிநாடாவின் ஆயுள்

எழுத்தைக் காப்பாற்றும் வித்தை தாமிரபரணியின் இரு கரைகளிலும் வெகு காலமாகப் பயின்று வந்த ஒன்று. பனையோலை இந்நாட்டு வெயிலுக்கும் ஐப்பசி மழையின் ஈரத்துக்கும் செல்லுக்கும் ஈடுகொடுத்துச் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது என்பதை நன்கு அறிந்திருந்த கவிராயர் குடும்பத்தார், ஏடு நைந்து போவதற்கு முன்பே அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைப்பதைத் தம் குலத்தின் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தனர். 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறுவதற்கு முன், ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த உ. வே. சாமிநாதையருக்குக் கிடைத்தவையெல்லாம் இவ்வாறு பிரதிக்குப் பிரதியாகப் பல கைகள் மாறி வந்தவையே. எந்தப் புலவரும் தம் கைப்பட எழுதிய மூலம் ஒன்றுகூட இல்லை. மூல ஓலை அழியும் என்பதை ஒப்புக்கொண்ட சமூகமாதலால் நூல் பிழைத்தது.

சங்கீதத்துக்கு இவ்வளவு பாக்கியம் வாய்க்கவில்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’யை அச்சிட்டு வெளிப்படுத்தியபோது, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகள் ஸ்வரக் குறியீட்டோடு நிலைபெற்றன என்பது மெய்; ஆயினும் அவற்றைப் பாடிய கண்டம், அதன் நிறுத்தம், நடுக்கம், மூச்சு ஆகியவை எந்த எழுத்துக்கும் அகப்படாமல் பாடினவரோடு போயின. வில்லுப்பாட்டுக்கோ அந்தக் குறியீடும் கிடையாது. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து ஐயனார் கோயிலில் வழிபடப்பெறும் முத்துப்பட்டனின் கதையை நா. வானமாமலை பதிப்பிக்க, 1971-இல் அது மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. வந்தது கதையின் சொல்தான். கொடை விழாவில் குடத்தின் மேல் விழும் அடியும், உடுக்கை துரிதப்படும்போது சாமியாடி எழுந்திருக்கும் அந்தக் கணமும் அச்சில் ஏறக்கூடியவை அல்ல.

இந்தக் குறையைத் தீர்க்கவே வந்ததுபோல் ஒலிநாடா வந்து சேர்ந்தது. 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. கம்பெனியார் தம் மேக்னெட்டோபோன் கருவியைக் காட்டிய காலத்தில், பின்னொரு நாள் அதன் சந்ததி நெல்லைச் சீமைக்கும் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1963 டிசம்பர் முதல் தேதி திருநெல்வேலி வானொலி நிலையம் பிறந்தது. அதற்கு மறு வருஷமே, சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சியில் பிறந்து நாகஸ்வரத்தால் தென்னாட்டையே வசப்படுத்திய அருணாசலம், நாற்பத்து மூன்று வயது நிறைவதற்குள் காலமானார். சொந்த ஆற்றங்கரையிலேயே ஒரு நிலையம் எழுந்தும், அதன் நாடாக்கள் அவருடைய வாசிப்பைப் பதிந்துகொள்ள வாய்த்த அவகாசம் சில மாதங்களே. இன்று நாம் கேட்கும் அவருடைய நீண்ட ஆலாபனைகளில் பல, கல்யாண வீட்டிலோ கோயில் உற்சவத்திலோ யாரோ ஒரு ரசிகர் கனத்த கிரண்டிக் ஒலிப்பதிவுப் பெட்டியைச் சுமந்து வந்து பதிந்துகொண்டவை. நிலையங்களைக் காட்டிலும் ரசிகர்களே சங்கீதத்துக்கு அதிக உபகாரம் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி அந்த நாடாவின் தேகத்தைச் சற்றுப் பார்ப்போம். பிளாஸ்டிக் ரிப்பன் ஒன்றின் மேல் பசை, அந்தப் பசைக்குள் இரும்பு ஆக்ஸைடின் நுண்ணிய துகள்கள், அவ்வளவுதான். காந்தமாய்ப் பதிந்த ஒலி தானாக எளிதில் மறைந்துவிடுவதில்லை. அதைத் தாங்கி நிற்கும் ரிப்பனும் பசையுமே முதலில் கெடுகின்றன என்பது விஷயம் அறியாதவர்க்கு வியப்பாக இருக்கும். ஐம்பதுகள் வரையிலும், அதற்குப் பின்னர்ச் சிறிது காலமும் பெரும்பாலும் வழங்கிய அசிடேட் ரிப்பன், உஷ்ணமும் ஈரமும் ஒருங்கே சேர்ந்த இடத்தில் சிதைந்து அசிடிக் அமிலத்தை விடுகிறது. வெளிப்பட்ட அமிலம் மேலும் சிதைவைத் தூண்ட, சிதைவு மேலும் அமிலத்தைப் பெருக்க, மூடி வைத்த பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் காடி நெடி மூக்கில் ஏறும் நிலைக்கு அது வந்துவிடுகிறது. அப்போது ரிப்பன் சுருங்கியும் வளைந்தும் நொறுங்குகிற பதத்தில் இருக்கும். அது அறுந்தாலும் நீளாமல் சுத்தமாக அறுவதால் ஒட்டவைக்கலாம் என்பது ஒன்றே ஆறுதல். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், ஒளி ஊடுருவித் தெரிவது அசிடேட். இருண்டு நிற்பது பாலியெஸ்டர்.

பாலியெஸ்டர் வந்ததும் கவலை ஒழிந்தது என்று உலகம் எண்ணியது. ரிப்பன் உறுதிதான், ஆனால் எழுபதுகளில் சில பெரிய கம்பெனியார், ஆம்பெக்ஸ் உட்பட, கையாண்ட பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்கியது. இத்தகைய நாடாவை ஓட்டினால் கீச்சென்று அலறிக்கொண்டு கருவியின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டியவர் கை எடுப்பதற்குள் துகள் உரிந்து பதிவும் அதோடு போய்விடும். ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் நாடாவைப் பல மணி நேரம் அளவாகக் காயவைத்தால் பசை சில வாரங்களுக்கு இறுகி நிற்கும். அந்த இடைவெளிக்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். நம்மூர்ச் சித்திரை வெயில் இதற்குப் போதாதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: போதாது, அது விபரீதம். சீரான வெப்பம் தரும் பெட்டி வேண்டும். அசிடேட் நாடாவை இப்படிச் சூடாக்கவே கூடாது. சூட்டினால் அது மேலும் கெடும்.

ஒலிக்காப்பக நிபுணர்கள் விதிக்கும் குளிர்ச்சியும் வறட்சியும், அதாவது இருபது டிகிரிக்கும் நாற்பது சதவீத ஈரப்பதத்துக்கும் ஒத்த நிலை, இப்பள்ளத்தாக்கில் இயற்கையாக ஒரு நாளும் அமைவதில்லை. கோடையில் வெயில் நாற்பதைத் தொடும். வடகிழக்குப் பருவத்தில் சுவரே வேர்க்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அத்தகைய நாட்களில் அரங்கு வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் நாடாவின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். அட்டையில் பூசணம் பிடித்து, அது நாடாவின் விளிம்புக்குப் பரவும். சூடான இடத்தில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒற்றிக்கொண்டு, பாட்டு தொடங்குமுன்பே அதன் சாயல் மெலிந்து கேட்பதும் உண்டு. இதற்காகவே வாசித்து முடித்த நாடாவைத் திருப்பிச் சுற்றாமல் கடைசி முனை வெளியே இருக்கும்படி வைப்பது வழக்கம்.

இவ்வளவு சொன்னாலும், நம் நாட்டில் ரசாயனம் அழித்ததைவிட மனிதர் அழித்தது அதிகம் என்றே அஞ்சுகிறேன். ஏழு அங்குல ஸ்பூல் ஒன்றில் 1200 அடி நாடா. விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் அது முப்பத்திரண்டு நிமிஷம் ஓடும். நாடா வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சரக்காய், அந்நியச் செலாவணி அருமையாய் இருந்த காலத்தில், ஒலிபரப்பான நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது வானொலி நிலையங்களில் அன்றாட நடைமுறை. உள்ளூர் வில்லிசைப் புலவரும், மகுடம் முழக்கும் கணியான் கூத்துக் குழுவும் இந்த நடைமுறைக்கு எளிதில் இலக்கானார்கள். தலைவர்களின் சொற்பொழிவு காப்பகத்துக்குப் போயிற்று. இரவு முழுதும் நடக்கும் கதையை அரை மணிக்குள் சுருக்கிப் பாடவைத்த அந்தப் பதிவும் பூரணமானதன்று. ஆயினும் அதுவும் மிஞ்சவில்லையே என்பதுதான் துக்கம்.

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தார் இக்கலைகளைச் சேகரிக்கப் புறப்பட்ட காலத்தில் கேசட் வந்து ஸ்பூல் பழம்பொருளாகிவிட்டது. இப்போது ஸ்பூலை ஓட்டும் கருவியே அரிது. கருவி கிடைத்தாலும் தேய்ந்த ஹெட்டுக்கு மாற்று கிடைப்பது அதைவிட அரிது. அதைச் சாய்வின்றி நாடாவுக்கு நேராக அமைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் ஓய்வு பெற்றுவிட்டனர். பிரதி எடுப்பதில் குறுக்கு வழியும் இல்லை: அரை மணி நாடாவுக்கு அரை மணி உட்கார்ந்து கேட்டே தீரவேண்டும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற இயலாதென்றால் எதை முதலில் எடுப்பது என்று என்னைக் கேட்டால், பாலியெஸ்டரை விட்டுவிட்டு அசிடேட்டை எடுங்கள் என்பேன். நிலையத்துக் குளிர் அறையில் உள்ளதற்கு முன்னால், கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் வீட்டுப் பரண்களில் ஏதேனும் கிடந்தால் அதை எடுங்கள் என்பேன். அச்சில் வந்துவிட்ட பேச்சு காத்திருக்கட்டும். கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரத்தையும் கோயில் கொடையில் பாடிய வில்லையும் முதலில் கருவியில் ஏற்றவேண்டும். பெட்டியைத் திறக்கும்போது காடி நெடி அடித்தால், அதை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிவைக்காமல் அந்த வாரமே.