மிளாத் தோலும் ரெண்டு வித பாடமும்

மான் தலை, புலித் தோல் மாதிரி சமாச்சாரங்களைக் கெடாம வைக்கிறதுக்குத் தமிழ்ல நமக்கு இருக்கறது ஒரே வார்த்தைதான். பாடம் செய்யறது. உப்பு தடவிக் காய வெச்சாலும் பாடம்தான், பட்டைத் தண்ணியில ஊறப் போட்டாலும் பாடம்தான். புகையிலைக்கும் அதே பாடம்தான் :-) ஆனா தோல் விஷயத்துல இந்த ரெண்டும் வேற வேற. எங்க கம்பம் பள்ளத்தாக்கை வெச்சே அதைச் சொல்லிடலாம்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல வித்தியாசத்தைப் பார்த்துடுவோம். காய வெச்ச தோலை ஒரு ராத்திரி தண்ணியில போட்டு வைங்க, காலையில மறுபடி பச்சைத் தோல்தான். நாத்தம் உட்பட எல்லாம் திரும்பி வந்துடும். பதனிட்ட தோலை ஊறப் போட்டா அது வெறும் நனைஞ்ச தோல், அவ்வளவுதான். காய வைக்கிறப்போ ஈரம் மட்டும்தான் போகுது, தோலோட நார் அப்படியே இருக்கு. பதனிட்டா அந்த நாரே மாறிடுது. பட்டையில இருக்கற துவர்ப்பு நாரோட நாரா பிணைஞ்சிடும். அப்புறம் கிருமி அதை லேசுல திங்க முடியாது.

இந்தத் துவர்ப்புக்கு எங்க ஊர்ல பஞ்சமே கிடையாது. பொங்கலுக்குக் காப்பு கட்டறோமே ஆவாரை, அதோட பட்டைதான் தென்னிந்தியத் தோல் தொழிலுக்கே ஆதாரமா இருந்தது. கூடவே கடுக்காய், கொன்றைப் பட்டை. பக்கத்துல திண்டுக்கல்லே தோல் ஊர். மோட்டார் பம்ப் வர்றதுக்கு முன்னாடி கமலை கட்டித் தண்ணி இறைச்சாங்க இல்லையா, அந்தச் சாலுக்கும் தோல்தான் வேணும். 1903ல ஆல்ஃபிரட் சாட்டர்டன் மெட்ராஸ்ல குரோம் முறையில தோல் பதனிடற சோதனையை ஆரம்பிச்சதே கமலைத் தோல் சீக்கிரம் மக்கிப் போகாம இருக்கணும்னுதான். ஷூவுக்கும் பைக்கும் அப்புறம்தான் வந்தது.

சரி, இவ்வளவு கைத்தொழில் இருந்த ஊர்ல ஒரு மிளாத் தலையைப் பாடம் பண்ண உள்ளூர்த் தோல்காரரால ஏன் முடியலை? (மிளான்னா கடமான்தான். மேகமலைக் காட்டுல நிறைய உண்டு.) காரணம் ரொம்ப எளிசு. சுண்ணாம்புக் குழி. செருப்புக்கோ சாலுக்கோ தோல் எடுக்கணும்னா முதல் வேலையே சுண்ணாம்புல ஊறப் போட்டு ரோமத்தை உதிர்க்கறதுதான். மான் தலைக்கோ ரோமம்தான் எல்லாம்! ரோமம் போகாம பதனிடணும்னா சுண்ணாம்பை விட்டுட்டு உப்பு, புளிப்பு, படிகாரம்னு வேற பாதையில போகணும். தோலை உள்பக்கமா சீவிச் சீவி மெலிசாக்கணும். காதுக்குள்ள இருக்கற குருத்தெலும்பைக் கிழியாம உருவணும். இது தனித் தொழில்.

அதனால காட்டுல இருந்த வேட்டைக்காரர்கள் செஞ்சது உலர் முறைதான். உரிச்ச உடனே சதையைச் சுரண்டி, உப்பைத் தேய்ச்சு, வெயில் படாத நிழல்ல விரிச்சுக் காய வைக்கிறது. வெயில்ல போட்டா மேல காஞ்சு உள்ள அழுகிடும், ரோமம் கொத்துக் கொத்தா கையோட வரும். பூச்சி அரிக்காம இருக்க உள்பக்கம் பாஷாணச் சோப்பு பூசுவாங்க. பிரான்ஸ்ல மெட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் பெக்கர் 18ம் நூற்றாண்டுல கண்டுபிடிச்ச கலவை அது: ஆர்செனிக், சோப்பு, கற்பூரம், சுண்ணாம்பு, பொட்டாஷ் உப்பு. இருநூறு வருஷம் உலகத்து மியூசியங்கள் எல்லாம் இதை நம்பித்தான் இருந்தது.

ஆனா இப்படிக் காய வெச்ச தோலையே நேரடியா தலையா கட்டினா சிக்கல். அது இன்னும் பச்சைத் தோல்தானே? மழைக்காலத்துல ஈரம் குடிச்சு உப்பும், கோடையில சுருங்கும். நம்ம பள்ளத்தாக்குல ரெண்டுமே கடுமை. கொஞ்ச வருஷத்துல உதடு பின்னால இழுத்துக்கிட்டுப் பல் இளிக்கும், கண்ணோரம் வெடிக்கும், காது சுருளும், கழுத்துத் தையல் பிரியும்.

இங்கதான் மைசூர் வருது. 1900 வாக்குல யூஜின் வான் இங்கன் ஆரம்பிச்ச வான் இங்கன் & வான் இங்கன் கம்பெனி. மகாராஜாக்களும் துரைமார்களும் தங்கள் வேட்டைப் பொருள்களை அனுப்பினது அங்கதான். காட்டுலேர்ந்து உப்புப் போட்டுக் காஞ்ச தோலா வரும். அங்க மறுபடி ஊற வெச்சு, பதனிட்டு, அச்சுல வார்த்த காகிதக்கூழ் உருவத்து மேல போர்த்துவாங்க. கண்ணு கண்ணாடி. மான் தலைல மானோட சொந்தப் பொருள்னு பார்த்தா தோலும் கொம்பும்தான் :-) கம்பெனி 1999ல மூடினது. கடைசி வரைக்கும் நடத்தின மகன் ஜூபெர் 2013ல காலமானார். மொத்தம் 43,000 புலி, சிறுத்தை அந்த வாசல் வழியா போயிருக்குன்னு அவங்க வரலாற்றை எழுதின பேட் மாரிஸ் கணக்கு சொல்லுது. படிச்சதும் வயித்தைக் கலக்கினது எனக்கு.

ஆக சுவருக்குன்னா பதனிட்ட தோல்தான் ஜெயிச்சது, சந்தேகமே இல்லை. ஆனா கதை அங்க முடியலை.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911ல பாலூட்டிகள் சர்வே ஆரம்பிச்சப்போ யாரும் எதையும் அழகுபடுத்தலை. தோலைக் காய வெச்சு, பஞ்சு அடைச்சு, மண்டையோட்டைத் தனியா எடுத்து, எங்கே எப்போ பிடிச்சதுன்னு ஒரு சீட்டுக் கட்டி இழுப்பறையில அடுக்கறது. பார்க்க ஒண்ணுமே இருக்காது. அதே கழகத்துக்கு 1948ல நம்ம மேகமலையிலிருந்து (அப்ப மதுரை ஜில்லா, வெள்ளைக்காரங்க சொன்ன பேரு ஹைவேவிஸ்) ஆங்கஸ் ஹட்டன்கிற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலை அனுப்பினார். சாதாரண வௌவால்னு எழுதி உள்ள வெச்சுட்டாங்க. பல வருஷம் கழிச்சு தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பல்லைப் பார்த்தார். 1972ல அது புது இனம், புதுப் பேரினம்னே அறிவிச்சு சாலிம் அலி பேரை வெச்சார். 1993ல மறுபடி இதே மலையில உயிரோட பிடிபடற வரைக்கும் உலகத்துக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணே ஒண்ணுதான்.

அந்த வௌவாலை யாராவது அழகா ஜோடிச்சு பங்களா ஹால்ல மாட்டியிருந்தா? பல் போயிருக்கும், சீட்டு போயிருக்கும், நம்ம மலைக்கு அந்தப் பேரும் கிடைச்சிருக்காது.

இன்னொண்ணு. பதனிடற புளிப்பும் ரசாயனமும் மரபணுவைச் சிதைச்சுடும். சும்மா காய வெச்ச பழைய தோல்லேர்ந்து டிஎன்ஏ எடுக்க வாய்ப்பு அதிகம். அன்னிக்கு மட்டமான வேலையா தெரிஞ்சதுதான் இன்னிக்கு ஆவணம்.

உங்க ஊர்ல, உறவுல பழைய மான் தலை இருந்தா ரெண்டு விஷயம். வெறுங்கையால தொட்டுத் துடைக்காதீங்க, பாஷாணம் இன்னமும் அப்படியே இருக்கலாம். ரெண்டாவது, 1972 வனவிலங்குச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் வேணும். 2003ல கணக்குக் காட்ட ஒரு வாய்ப்பும் கொடுத்தாங்க. விக்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும்.

சட்டத்துக்குப் பயந்து ராத்திரியோட ராத்திரியா அதை எரிக்கறதுக்கு முன்னாடி, பின்பக்கப் பலகையில ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. எந்தக் காடு, எந்த வருஷம். அந்த ஒரு வரி இருந்தா வனத்துறைக்கிட்ட சொல்லி மியூசியம் பக்கம் கொண்டு போக வழி கேளுங்க. கொம்பு எத்தனை அங்குலம்னு பெருமை அடிச்ச காலம் போயாச்சு. அந்த மிளா எந்த மலையில நின்னுச்சுங்கறதுதான் இனிமே நமக்குப் பாடம்.