அடுக்குமாடி வீடும் விருந்தின் மணமும்

தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் முன்னாளில் நறுமணத்தைக் குறித்தது. பூவின் மணத்தை அச்சொல்லால் சுட்டிய காலம் மறைந்து, இன்று அது மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்யும் தீய வாடைக்கே உரியதாகிவிட்டது. மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். சொல்லுக்கு நேர்ந்த இம்மாற்றம் ஒரு வீட்டின் சமையலறைக்கும் நேரக்கூடும். ஒரு குடும்பத்தார்க்கு மணமாக இருப்பது சுவருக்கு அப்பால் வாழ்வோர்க்கு நாற்றமாகத் தோன்றலாம். தூய்மையான வீடு எது, விருந்தினரை ஏற்கத்தக்க வீடு எது என்னும் வினாக்களுக்குச் சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகள் தந்த விடைகளைத் தொகுத்து நோக்கினால், நாற்றத்திற்கும் மணத்திற்கும் இடையிலான ஒரு நெடிய வழக்கின் வரலாறு புலப்படும்.

1950களில் சிங்கப்பூர் மக்களுள் பலர் அத்தாப்புக் கூரை வேய்ந்த கம்பங்களிலும், நெருக்கடி மிகுந்த கடைவீடுகளின் அறைகளிலும் வாழ்ந்தனர். தமிழ்த் தொழிலாளர் பலர்க்குத் துறைமுகத்தையும் செம்பவாங் கடற்படைத் தளத்தையும் சார்ந்த குடியிருப்புகளே வீடாயின. 1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய வீடுகள் மக்கள்தொகைப் பெருக்கத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பொறுப்பை ஏற்றது. அடுத்த ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அத்துயரின் சாம்பலிலிருந்து மாடி வீடுகள் விரைந்து எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேம நிதியைக் கொண்டே வீடு வாங்க வழி பிறந்தது. வாடகைக் கூரையின் கீழ் வாழ்ந்தவர் வீட்டுக்குரியவர் ஆயினர்.

மண்ணை விட்டு மாடிக்கு ஏறிய தமிழ்ப் பெண்ணுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் கலையே மாறிப்போயிற்று. தமிழகத்துச் சிற்றூர் மரபில் வீட்டுத் தூய்மை வாசலில் தொடங்குவது. விடியலில் முற்றம் பெருக்கி, சாணம் தெளித்து, கோலமிட்ட பின்னரே வீடு விழித்ததாகக் கொள்வர். மாடி வீட்டிலோ முற்றம் இல்லை. தெளிக்க மண்ணும் இல்லை. கதவுக்கு வெளியே இருப்பது பலர்க்கும் பொதுவான நடைவழி. எனவே வாசலின் பணி வீட்டினுள் புகுந்தது. சிமெண்டுத் தரையைக் கழுவித் துடைப்பதும், கழிவறையில் ஃபினைல் ஊற்றுவதும், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை உலவவிடுவதும் புதிய கடமைகளாயின. வெள்ளிக்கிழமை மாலைச் சாம்பிராணிப் புகை மட்டும் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டிற்கு மாறாமல் வந்து சேர்ந்தது. தண்ணீர் எடுக்கவும் கழிவறைக்குச் செல்லவும் வரிசையில் நின்றவர்க்கு, வீட்டினுள்ளேயே குழாயும் கழிவறையும் அமைந்தது பெரும் விடுதலை என்பதையும் மறுத்தல் இயலாது.

அவ்விடுதலையின் மறுபக்கத்தையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும். பழைய கடைவீடுகளின் பின்புறம் குறுகிய சந்துகள் உண்டு. அங்கே சுவரின் அடியில் ஒரு சிறு கதவு இருக்கும். விருந்தினர் முன்வாசலால் வருவர். மலவாளியை எடுப்பவர் பின்சந்தில் நின்று அக்கதவைத் திறப்பார். அவர் சுமந்த வாளிகளை ஏற்றிச் சென்ற வண்டிக்கு 36 கதவுகள் இருந்தன. நகரத்தின் தூய்மை அவர் தோளில் ஏறிச் சென்றது. அவரோ எந்த வீட்டின் முன்வாசலிலும் விருந்தினர் அல்லர். 1987இல் அவ்வாளி முறை முற்றிலும் ஒழிந்தது. பின்சந்து இல்லாத மாடி வீட்டில் வீட்டுக்காரர்க்கும் விருந்தினர்க்கும் தொழிலாளர்க்கும் ஒரே வாசல்தான். ஆயினும் நடைவழியைக் கூட்டுவோரும், குப்பைக் குழாயின் அடியில் சேர்வதை அள்ளுவோரும் இன்றும் உளர். வீட்டின் பளபளப்பில் அவர்தம் பங்கை எண்ணாத தூய்மை அரைத் தூய்மையே ஆகும்.

1968 அக்டோபர் முதல் நாள் பிரதமர் லீ குவான் யூ 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சுவரொட்டியும் வானொலியும் பள்ளியும் தூய்மையைப் போதித்தன. குப்பை எறிவோர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. நெருங்கி வாழும் நகரத்தில் நோய் பரவாமல் காக்க இவ்வொழுங்கு இன்றியமையாததாய் இருந்தது. ஆயினும் இதனூடே ஒரு நுண்ணிய கருத்தும் மக்கள் மனத்தில் ஊன்றியது. அழுக்கு இல்லாமையே தூய்மை என்னும் எண்ணம், எந்த வாடையும் இல்லாமையே தூய்மை என்று மெல்ல விரிந்தது. மனிதர் வாழும் வீட்டிற்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. கடுகு தாளிக்கும் வீடும், ஊதுவத்தி ஏற்றும் வீடும், பெலாச்சான் வறுக்கும் வீடும் அடுத்தடுத்து அமைந்த மாடியில் வாடையின்மை என்பது ஒருவரும் வாழாமைக்கு ஒப்பாகும்.

அம்மாடிகளில் வாழ்ந்த மக்கள் இச்சிக்கலைப் பெரும்பாலும் தாமே தீர்த்துக்கொண்டனர். புதுவீடு புகும் தமிழர் பால் பொங்கவிடுவர். சீனர் பலர் அன்னாசிப்பழத்தை வீட்டினுள் உருட்டிவிடுவர். மலாய்க்காரர் துஆ ஓதி விருந்திடுவர். மூவருமே செருப்பைக் கதவுக்கு வெளியே விடுபவர். விளக்கு வைத்தபின் பெருக்கினால் திருமகள் நீங்குவாள் எனத் தமிழ்ப் பாட்டி தடுப்பாள். சீனப் புத்தாண்டின் முதல் நாளில் துடைப்பம் எடுத்தால் நற்பேறு வெளியேறும் எனப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் தடுப்பாள். மொழி வேறு; துடைப்பம் பற்றிய அச்சம் ஒன்று. பண்டிகைக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வதும், பண்டிகை நாளில் பலகாரத் தட்டை அடுத்த வீட்டிற்கு அனுப்புவதும் மூன்று இனத்தார்க்கும் பொது வழக்கங்களாய் வேரூன்றின.

இட நெருக்கடியும் விருந்தோம்பலைத் தடுக்கவில்லை. 1970களில் கட்டடங்களின் கீழ்த்தளம் சுவரில்லாத திறந்தவெளியாக விடப்படுவது வழக்கமாயிற்று. மூன்றறை வீட்டில் அடங்காத திருமணக் கூட்டம் அங்கே அமர்ந்து உண்டது. இறந்தவரின் உறவினரும் அங்கேயே கூடினர். ஊரில் திண்ணை செய்த பணியை இங்கே கீழ்த்தளம் செய்தது எனலாம். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு கட்டடத்திலும் இனங்களின் விகிதத்திற்கு வரம்பு வகுத்தது. யார் யாருக்கு அண்டை வீட்டார் என்பதில் அதுமுதல் அரசின் கையும் சேர்ந்தது. அண்டை வீட்டாரை அமர்த்தலாம். அவர்தம் வீட்டு மணத்தை ஏற்கும் மனத்தை எச்சட்டமும் அமர்த்த இயலாது.

இவ்வுண்மையை 2011 ஆகஸ்டில் வெளிவந்த ஒரு நாளிதழ்ச் செய்தி உணர்த்தியது. சில ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து புதிதாய் வந்து குடியேறிய ஒரு குடும்பத்திற்கு, அடுத்த வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாடை தாங்கவில்லை. இந்தியக் குடும்பத்தார் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு சமைத்தும் மனக்குறை தீரவில்லை. வழக்குச் சமூக நடுவத்தின் சமரசத்திற்குச் சென்றது. வந்தவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் கறி சமைப்பது, பதிலுக்கு அவர்களும் அக்கறியை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பது என உடன்பாடு ஏற்பட்டதாகச் செய்தி கூறிற்று. படித்தவர் பலர் மனம் கொதித்தனர். ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமையன்று கறி சமைத்துப் பகிர்ந்துண்ணுமாறு விடுக்கப்பட்ட அழைப்பை ஏற்று, இன வேறுபாடின்றிப் பல வீடுகளில் கறி கொதித்தது. நடைவழியெங்கும் மணம் பரவியது.

அக்கொதிப்பில் ஒரு நுட்பம் கவனிக்கப்படாமற் போயிற்று. தம் சமையலறைக்கு நேரம் குறிக்கப்பட்ட அக்குடும்பத்தார் ஈடாகக் கேட்டது பணமோ மன்னிப்போ அன்று. தம் உணவை ஒரு வாய் உண்ணுமாறே கேட்டனர். வழக்காடியவரையே விருந்தினராக அழைத்த சொல் அது. புதிதாய் வந்தவரையும் முற்றிலும் பழித்தல் தகாது. அறியாத மணம் எவர்க்கும் முதலில் அச்சத்தையே தரும். கம்பத்திலிருந்து மாடிக்கு வந்த முதல் தலைமுறையும் அண்டை வீட்டு வாடைகளுக்கு ஒரே நாளில் பழகியிருக்க முடியாது. தட்டுகள் பல ஆண்டுகள் கைமாறிய பின்னரே நாற்றம் மணமாயிற்று.

மோந்தால் குழையும் அனிச்சப் பூவை விருந்தினரோடு ஒப்புநோக்கியவர் வள்ளுவர். விருந்தோம்பல் அதிகாரத்தில் மணமும் முகமும் ஒரே குறளில் சேர்ந்து நிற்பது கருதத்தக்கது. 'விருந்து' என்னும் சொல்லின் அடிப்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தை வைத்து, புதிதாய்ப் புனையும் யாப்பை அச்சொல்லால் குறித்தார். ஆகவே தமிழில் விருந்தினர் என்பவர் அறிந்த உறவினர் மட்டுமல்லர். வாசலில் வந்து நிற்கும் புதியவரும் ஆவார். கவிதைக்கும் வீட்டிற்கும் விதி ஒன்றே. புதியதற்கு இடம் தராத யாப்பு உறைந்துபோகும். புதியவர்க்கு இடம் தராத வீடு எத்துணைப் பளபளத்தாலும் விருந்திற்கு ஆயத்தமான வீடு ஆகாது.

தரையைத் துடைப்பது ஒரு நாழிகைப் பணி. சன்னலைத் திறப்பது ஒரு நொடிப் பணி. சுவருக்கு அப்பாலிருந்து வரும் வாடையை மணமென்று அறிந்துகொள்வதோ ஒரு தலைமுறையின் பணி. சிங்கப்பூரின் அடுக்குமாடிகள் அப்பணியைப் பெரும்பகுதி செய்து முடித்துள்ளன. புதிய குடும்பம் ஒன்று பெட்டிகளோடு மின்தூக்கியை விட்டு இறங்கும் ஒவ்வொரு நாளும் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.