தென்னாப்பிரிக்க வழக்காற்றுத் திருமணம்: துணைவர் இறந்தபின் சட்ட ஏற்பு

தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் குல வழக்கப்படி செய்துகொள்ளும் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் ஆள் அனுப்பிப் பேசுவார்கள். ‘லொபோலா’ எனப்படும் பரிசம் மாடாகவோ ரொக்கமாகவோ முடிவாகும். அதைத் தவணையாகக் கொடுப்பதும் உண்டு. சடங்குகள் மாதக்கணக்கில் நீளலாம். தம்பதி உயிரோடு இருக்கும்வரை இதற்குச் சான்று கேட்பார் பெரும்பாலும் இல்லை. ஒருவர் இறந்ததும், உடலை அடக்கம் செய்யும் உரிமை, வீடு, ஓய்வூதியம் ஆகியவை யாருக்கு என்ற கேள்வியோடு திருமணமே வழக்காகிவிடுகிறது.

ஒருவர் பல மனைவியரை மணக்க இடந்தருகிறது என்பதால், இத்தகைய திருமணத்தைக் காலனிய வழிவந்த பொதுச்சட்டம் முழுமையான திருமணமாக ஏற்கவில்லை. இதே காரணத்தைக் கொண்டே 1913இல் கேப் மாகாண நீதிபதி சேர்ல் ஓர் இந்திய முஸ்லிம் திருமணத்தை ஏற்க மறுத்தார். அந்தத் தீர்ப்பு கிளப்பிய கொதிப்பும் சேர்ந்த சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். இந்தியருக்கு அவ்வாண்டே ஓரளவு நிவாரணம் கிடைத்தது. கறுப்பின விதவைகளோ ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

1927ஆம் ஆண்டின் கறுப்பர் நிர்வாகச் சட்டம் அவர்கள் நிலையை மேலும் இறுக்கியது. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், பொதுவாக அவருடைய மூத்த ஆண் உறவினரே வாரிசு. மனைவியும் மகள்களும் அவர் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியிருந்தது. 1960இல், கணவரின் மரணத்தால் பிழைப்பு இழந்த ஒரு பெண் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்ட இழப்பீட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. வழக்காற்று மனைவிக்கு அந்த உரிமை இல்லை என்றது. 1963இல் வந்த சட்டம் இந்தக் கதவைச் சிறிது திறந்தது. அதிலும் அவர் மனைவிதான் என்று அரசு ஆணையர் சான்று தர வேண்டியிருந்தது.

பெரிய மாற்றம் 1998ஆம் ஆண்டின் வழக்காற்றுத் திருமண ஏற்புச் சட்டத்தோடு வந்தது. அது 2000 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும், வழக்கப்படி பேசி நடந்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவு செய்யாததாலேயே திருமணம் செல்லாமல் போகாது என்றும் தெளிவாக்குகிறது. ஆனால் எந்தச் சடங்கு முடிந்தால் திருமணம் நிறைவாகும் என்பதை அது வரையறுக்கவில்லை. வழக்கம் குலத்துக்குக் குலம் மாறுவதால் இது நியாயமே. எனினும் அந்த இடைவெளியில் சிக்கித் துன்பப்பட்டவர்கள் துணையை இழந்தவர்களே.

வாரிசுரிமை 2004இல் அரசமைப்பு நீதிமன்றத்தில் மாறியது. கேப் டவுன் அருகே கயலிட்ஷாவில் தச்சுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அவருடைய இரு மகள்களை விலக்கிவிட்டு, ஈமச்செலவுக்காக வீட்டை விற்க அவர் தந்தை முனைந்தார். இதிலிருந்து எழுந்த ‘பே’ வழக்கில், ஆண்வழி மூத்தோர் வாரிசு முறை சமத்துவத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அதை நீக்கியது. 2009இல் தனிச்சட்டமும் வந்தது.

2013இல் தீர்க்கப்பட்ட ‘மாயெலானே’ வழக்கில், இறந்தவரின் மனைவி தானே என்று இரு பெண்கள் வந்தனர். அவர்களுடைய சோங்கா குல வழக்கம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதிகள் தாங்களே ஊகிக்கவில்லை. குலத் தலைவர்களிடமும் அறிஞர்களிடமும் எழுத்துமூலம் கேட்டறிந்தனர். முதல் மனைவிக்குத் தெரியாமல் நடந்த இரண்டாம் திருமணம் செல்லாது என்று முடிவானது. இத்துறையில் நீதிமன்றம் காட்டிய மிக நல்ல முறை இதுவென்றே சொல்ல வேண்டும்.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் ஒப்படைக்கும் சடங்கே அடுத்த சர்ச்சை. 2019இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில் இறந்தவர் மனைவி. உரிமை கோரியவர் கணவர். ஒப்படைப்புச் சடங்கு நடக்கவில்லை என்பதால் மட்டும் திருமணம் இல்லையென்று ஆகாது என்றது நீதிமன்றம். மறு ஆண்டு வந்த தீர்ப்பு இன்னும் பலரை எட்டியது. ஹெச்ஹெச்பி என்ற ராப் பாடகர் ஜபுலானி த்சாம்போ 2018 அக்டோபர் 24 அன்று இறந்தார். அவருடன் வாழ்ந்த பெண்ணை மனைவியாக ஏற்க அவர் தந்தை மறுத்தார். 2016 பிப்ரவரி 28 அன்று இரு வீட்டாரும் பேசி 45,000 ராண்ட் பரிசம் முடிவாகியிருந்தது. அன்றே மாப்பிள்ளையின் அத்தைமார் அவருடைய உடைக்கு இணையான மண உடையைப் பெண்ணுக்கு அணிவித்துக் குடும்பத்துக்கு வரவேற்றனர். உயர் நீதிமன்றம் திருமணம் உண்டு என்றது. ஆனால் அடக்கத்தை நிறுத்த மறுத்தது. 2020 ஏப்ரல் 30 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் திருமணம் செல்லும் என்பதை உறுதிசெய்தது.

தீர்ப்புகள் இப்படி இருந்தாலும், சுமை இன்றும் துணையை இழந்தவர் தோளில்தான். பரிசப் பேச்சில் இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதம், உடனிருந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரம், குலத்தலைவரின் சான்று ஆகியவற்றை அவர்தான் திரட்ட வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்களில் பாதிப்பேர் சொத்துக்கு எதிர்வாதம் செய்யும் அதே வீட்டார். பிரேதத்தை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த அவகாசமும் கிடைப்பதில்லை.