கே. எஸ். மணியம் (1942–2020)

மலேசிய நாவலாசிரியர், நாடகாசிரியர். இயற்பெயர் சுப்பிரமணியம் கிருஷ்ணன். கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்தார். தந்தை மருத்துவமனையில் சலவைத் தொழிலாளி. சிறிது காலம் தமிழ்ப்பள்ளி, பிறகு ஆங்கிலப்பள்ளி. இந்த மாற்றம்தான் அவரை எழுத்தாளராக்கியது என்று சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் நெடுங்காலம் விரிவுரையாளராக இருந்தார்.

முதல் நாவல் ‘தி ரிட்டர்ன்’ (1981). அதில் வரும் பாட்டி பெரியத்தாய் இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவள். ஓட்டைப் பாத்திரம் அடைத்து, வடை சுட்டு விற்று ஒரு வீட்டை எழுப்புகிறாள். பூசை மூலையில் நடராசர் சிலை. ஆனால் அந்த மண்ணுக்கு அவளிடம் பட்டா கிடையாது. புலம்பெயர்ந்தோர் கதையைப் பட்டா இல்லாத ஒரு வீட்டுக்குள் அடக்கிய இந்தப் பகுதிக்கு இணையாக அவருடைய பிற்கால நாவல்களில் எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

‘இன் எ ஃபார் கன்ட்ரி’ (1993) காட்டையும் புலியையும் குறியீடாக்கி, மண்ணுக்கு உரியவர் யார் என்று கேட்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டிய வாசிப்பு. ‘பிட்வீன் லைவ்ஸ்’ 2003இல் வெளிவந்தது. ‘தி கார்ட்’ தோட்டப்புறத் தமிழரைப் பற்றிய நாடகம். எழுதியது ஆங்கிலத்தில், ஆனால் அவருடைய பாத்திரங்கள் கோபப்படுவதும் சாமி கும்பிடுவதும் தமிழில்தான்.

2000இல் ராஜா ராவ் விருதை முதலில் பெற்றவர் இவரே. 2020 பிப்ரவரியில் காலமானார்.