சிவப்புப் பட்டன்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. 2022-ல் அவருக்கு மூளையில் கட்டி. விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் ரிப்போர்ட்டைப் படித்தவன் நான்தான். "பி-டென் இழப்பு" என்று ஒரு வரி. எலெக்ட்ரிக்கல் படித்தவனுக்கு என்ன புரியும்? "இன்ஜினியர்தானே, சொல்லுடா" என்றார் சித்தப்பா. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் நண்பர்களே, இந்த மலருக்குத் தருகிறேன்.

1940-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் தசையில் ஒரு நொதியை ஆராய்ந்தார்கள். அதை மந்தமாக்கும் இன்னொரு நொதியும் கண்ணில் பட்டது. எதையோ கழற்றுகிறது என்று தெரிந்தது; எதை என்பதில் கணக்குத் தப்பியது. 1950-களின் நடுவில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் முதல் நொதியில் பாஸ்பேட் ஒட்டினால் அது முடுக்கம் பெறுவதைக் கண்டார்கள். கழன்றதும் அந்த பாஸ்பேட்தான் என்பது பிறகே விளங்கியது. ஒட்டுவது கைனேஸ், கழற்றுவது பாஸ்பட்டேஸ். முதலில் கண்ணில் பட்டது கழற்றுகிறவன்; பேர் வாங்கினது என்னவோ ஒட்டுகிறவன்! ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பி-டென் ஒரு பாஸ்பட்டேஸ். மூளை, மார்பகம், புராஸ்டேட் கட்டிகளில் 10-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போகும். அங்கே இருந்த இந்த ஜீனை 1997-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே பிடித்தன. புரதத்தில்தான் இதற்கு வேலை என்று முதலில் நினைத்தார்கள். 1998-ல் பார்த்தால், செல் சவ்வின் கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி, "வளர்" என்ற கட்டளையை நிறுத்துகிறது.

சித்தப்பாவிடம் பம்ப்செட் ஸ்டார்ட்டரைச் சொன்னேன். பச்சைப் பட்டன் கைனேஸ், சிவப்பு பாஸ்பட்டேஸ். "சிவப்பு போயிடுச்சுன்னா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், காயில் கருகும்" என்று அவரே முடித்தார்.

நரம்பு நோயிலும் இதே குடும்பம்தான். பிறவியிலேயே பி-டென் பழுதான சில குழந்தைகளுக்குப் பெரிய தலையோடு ஆட்டிசமும் வருவதை 2005-ல் கண்டார்கள். அல்சைமர் மூளையில் பிபி2ஏ என்ற இன்னொரு பாஸ்பட்டேஸ் சோர்ந்திருக்கிறது. டௌ புரதத்தில் பாஸ்பேட் மிதமிஞ்சி ஏறிச் சிக்கல் விழுகிறது. எது காரணம், எது விளைவு என்ற சண்டை ஓயவில்லை.

"சிவப்புப் பட்டனுக்கு ஸ்பேர் கிடைக்காதா?" என்று கேட்டார். தொலைந்த பட்டனைத் திரும்ப மாட்டும் மருந்து இல்லை. கீழே ஓடும் ஒயரைத் துண்டிக்கும் காபிவாசெர்டிப் மாத்திரைக்கு அமெரிக்கா 2023 நவம்பரில் அனுமதி தந்தது. அதுவும் ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்குத்தான். சித்தப்பா அந்தத் தை மாதமே போய்விட்டார். கொல்லையில் மோட்டாரை இப்போது சித்திதான் போட்டு நிறுத்துகிறாள்.